சவலைக் குட்டிக்குப் புட்டிப்பால்

தாய்ப்பால் போதாமையால் மெலிந்து நிற்கும் பிள்ளையைச் 'சவலைப் பிள்ளை' என்று நம் முன்னோர் அழைத்தனர். மனிதப் பிள்ளைக்கு வழங்கும் இச்சொல் நாய்க்குட்டிக்கும் நன்கு பொருந்தும். வீட்டு நாய் ஏழெட்டுக் குட்டிகளை ஈன்றுவிட்டால், அவற்றுள் இரண்டொன்று பின்தங்கிப் போவது உண்டு. வலிய குட்டிகள் பால் மிகுந்த காம்புகளை முதலில் பற்றிக்கொள்கின்றன. மெலிந்த குட்டியோ ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டு, முனகிக்கொண்டே கிடக்கிறது. பசியால் அது மெலிகிறது. மெலிவால் முண்டியடித்துக் காம்பைப் பிடிக்க இயலாது போகிறது. பிடிக்க இயலாமையால் மேலும் மெலிகிறது. இவ்வாறு இரண்டு நாள் சென்றால் மூன்றாம் நாள் காலையில் அது விறைத்துக் கிடக்கக் காண்கிறோம். "பலமில்லாத குட்டி, போய்விட்டது" என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறோம். அத்தகைய குட்டிகளுள் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

இதனைச் சிறப்பாக அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழன்பர்களை எண்ணிச் சொல்கிறேன். பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்க்கும் இது பயன்படும். நம் ஊரில் ஒரு நாய் குட்டி ஈன்றால், அதைப் பற்றி அறிந்த பெரியவர் ஒருவர் தெருக்கோடியிலேனும் இருப்பார். ஆடு மாடு வைத்திருக்கும் வீடு பக்கத்தில் இருக்கும். கடல் கடந்து வந்து, தோட்ட வேலையிலோ துறைமுக வேலையிலோ அரசுப் பணியிலோ அமர்ந்தவர்க்கு அத்துணைகள் எளிதில் வாய்ப்பதில்லை. ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர், லிட்டில் அந்தமானின் ஹட் பே, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970-களில் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவு என்று நம்மவர் வாழும் இடங்கள் பல. கடல் கொந்தளிக்கும் நாள்களில் தீவுகளுக்கு இடையே படகுகள் நின்றுவிடுகின்றன. மருத்துவர் ஒரு தீவில், குட்டி மற்றொரு தீவில் என்றாகிவிட்டால், அந்தக் குட்டியின் உயிர் வீட்டாரின் அறிவையே நம்பி நிற்கிறது.

இத்தீவுகளில் நாய் வந்த வரலாறும் அறியத்தக்கது. நிக்கோபார் மக்கள் நெடுங்காலமாக நாய் வளர்த்து வந்தவர்கள். அந்தமான் பழங்குடி மக்களிடமோ முற்காலத்தில் நாய் இல்லை. 1858-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு போர்ட் பிளேயரில் கைதிகள் குடியிருப்பை நிறுவிய பின்னரே நாய் அவர்களிடம் சென்று சேர்ந்தது. காட்டுப்பன்றி வேட்டைக்கு அது பெரிதும் உதவியமையால் அதனை அவர்கள் ஆவலோடு ஏற்றுக்கொண்டனர். அந்தப் போர்ட் பிளேயர் 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்று விளங்குகிறது. இன்னொரு சிறப்பும் உண்டு. அந்தமான் நிக்கோபாரும் இலட்சத்தீவும் வெறிநாய் நோய் அற்ற பகுதிகளாகக் கருதப்படுகின்றன. ஆகவே, 'இங்குள்ள குட்டி இறந்தால் என்ன, ஊரிலிருந்து ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்துவிடலாம்' என்று எண்ணுவது நன்றன்று. உரிய தடுப்பூசியும் சான்றும் இன்றி மறைத்துக் கொண்டுவரும் ஒரு குட்டி, தீவு முழுமைக்கும் தீராக் கேட்டினை விளைவிக்கக்கூடும். கண்முன் பிறந்த குட்டியைப் பிழைக்கவைப்பதே அறிவுடைமை.

நிற்க. தாய்நாய் தன் குட்டிக்கு என்ன தருகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். அது தருவன நான்கு. முதலாவது, உடற்சூடு. இரண்டாவது, நோயைத் தடுக்கும் சீம்பால். மூன்றாவது, நாள்தோறும் வளர்க்கும் பால். நான்காவது, நாவால் நக்கிக் குட்டியை மலசலம் கழிக்கச் செய்யும் பணி. நாம் கையில் எடுக்கும் புட்டி இந்நான்கனுள் மூன்றாவதற்கு மட்டுமே உதவும். புட்டி தாய்க்குத் துணையேயன்றி மாற்று அன்று. தாய் உயிரோடிருந்து, குட்டிகளை ஏற்றுக்கொண்டிருக்கும்போது, மெலிந்த குட்டியைத் தனியே பிரித்தெடுத்து முழுதும் புட்டியிலேயே வளர்க்க முற்படுவது வேண்டாத வேலை. தாயின் மடியிலேயே அதை வைத்து, குறைந்த பாலை மட்டும் நாம் ஈடு செய்ய வேண்டும்.

சீம்பாலைப் பற்றி ஒரு சொல். குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது நோயெதிர்ப்பு ஆற்றலில் சிறு பகுதியையே பெறுகிறது. பெரும்பகுதி சீம்பாலின் வழியாகவே வருகிறது. அவ்வாற்றலை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை குட்டியின் குடலுக்குப் பிறந்த முதல் ஒரு நாள் அளவே உண்டு. அதிலும் முதல் பன்னிரண்டு மணி நேரமே சிறந்தது. ஆதலின், பிறந்தவுடன் புட்டியைத் தேடி ஓடாமல், மெலிந்த குட்டியை எடுத்துப் பால் மிகுந்த பின்காம்பில் நம் கையாலேயே பொருத்திப் பிடிக்க வேண்டும். மற்றக் குட்டிகளைக் கால் மணி நேரம் ஒரு கூடையில் ஒதுக்கி வைத்தால் போட்டி இராது. பற்றிக் குடிக்க வலுவற்ற குட்டியாயின், தாயின் காம்பிலிருந்து சில துளிகளைச் சுத்தமான கரண்டியில் மெல்லப் பீச்சி எடுத்து, சொட்டுக்குழலால் நாவின்மேல் துளித்துளியாக விடலாம். வேறு எந்தப் பாலும் இதற்கு ஈடாகாது.

இனி, எந்தக் குட்டிக்குப் புட்டிப்பால் தேவை என்பதை அறிவது எப்படி? கத்துகிற குட்டிக்கெல்லாம் பால் கொடுப்பது தவறு. கத்தாமல் கிடக்கும் குட்டியே பல வேளைகளில் பெரும் ஆபத்தில் இருக்கும். கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பிடுவதும் போதாது. இதற்கு உரிய கருவி தராசு. கிராம் அளவு காட்டும் சிறிய சமையலறைத் தராசு ஒன்று போதும். ஒவ்வொரு குட்டியையும் பிறந்த அன்றும், பின்னர் நாள்தோறும் ஒரே வேளையிலும் நிறுத்து, ஒரு தாளில் குறித்துவர வேண்டும். ஒரே நிறக் குட்டிகளாயின் முதுகு மயிரில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து அடையாளம் காணலாம். கழுத்தில் நூல் கட்டுவது ஆகாது. குட்டி வளர வளர நூல் இறுகிவிடும்.

முதல் நாளில் எடை சற்றே குறைவது உண்டு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தால் அது அபாயக் குறி. இரண்டாம் நாள் முதல் எடை ஏற வேண்டும். நாள்தோறும் பிறந்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை ஏறுவது நலம். பத்துப் பன்னிரண்டு நாள்களில் பிறந்த எடை ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். 300 கிராமில் பிறந்த குட்டி நாளொன்றுக்கு 15 முதல் 30 கிராம் வரை கூடினால் கவலையில்லை. அதைத் தொட வேண்டாம். ஒரு நாள் முழுதும் எடை ஏறாமல் நின்றாலோ, குறைந்தாலோ, அக்குட்டியே நாம் தேடும் சவலைக் குட்டி.

குட்டியைப் பார்க்கும்போதே தாயையும் பார்த்துவிட வேண்டும். எல்லாக் குட்டிகளும் ஒருங்கே மெலிந்தால் குறை குட்டியிடம் இல்லை, தாயிடம் இருக்கிறது. அதற்குப் போதிய உணவும் நீரும் இல்லாமல் இருக்கலாம். பால் கொடுக்கும் நாய்க்கு வழக்கத்தினும் இரண்டு மூன்று மடங்கு உணவு வேண்டும். மடி கல்லாக இறுகிச் சூடேறி, காம்பைத் தொட்டால் நாய் சீறுமாயின், மடிவீக்கம் கண்டிருக்கிறது என்று அறியலாம். தாய்நாய் அமைதியிழந்து மூச்சு வாங்கி, கால்கள் விறைத்து, உடல் நடுங்கத் தொடங்கினால், அது இரத்தத்தில் சுண்ணச்சத்து குறைந்தமையின் விளைவு. அது உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நிலை. சில மணி நேரத் தாமதமும் உயிரைப் போக்கிவிடும். அந்நேரத்தில் குட்டிகளைத் தாயிடமிருந்து விலக்கிப் புட்டிப்பாலில் காப்பது இன்றியமையாதது.

இப்போது எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது. முதலில் சூடு, பின்னர் பால் என்னும் முறையை மாற்றவே கூடாது. அந்தமானில் வாழ்பவர், "இந்த ஊரில் குளிர் ஏது?" என்று கேட்கலாம். பகலில் வியர்த்து ஒழுகும் நாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், நமக்கு வெப்பமாக இருப்பது பிறந்த குட்டிக்கு வெப்பமன்று. முதல் வாரத்தில் குட்டி படுக்கும் இடத்தில் ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். இத்தீவுகளில் ஆண்டிற்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. மே முதல் டிசம்பர் வரை நீளும் மழைக்காலத்தில், இரவு வெப்பம் 24 பாகை அளவுக்கு இறங்குகிறது. அதனோடு ஈரக்காற்றும், சில்லிட்ட சிமெண்டுத் தரையும், நனைந்த கோணிச் சாக்கும் சேர்ந்தால், குட்டியின் சூடு சிறிது சிறிதாக வெளியேறிவிடும். நம்மைப்போல் நடுங்கித் தன்னைச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றல் முதல் வாரத்தில் அதற்கு இல்லை.

குட்டியின் உடற்சூடு முதல் வாரத்தில் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை, அதாவது பாரன்ஹீட் கணக்கில் 95 முதல் 99 வரை இருப்பது இயல்பு. அது 94 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால், இரைப்பையும் குடலும் அசைவற்று நின்றுவிடுகின்றன. அந்நிலையில் ஊட்டிய பால் செரிக்காமல் தேங்கி நிற்கும், வயிறு உப்பும், மேலே எதிர்த்து வந்து மூச்சுக்குழலில் இறங்கும். பசியால் சாவதற்கு முன் நாம் கொடுத்த பாலாலேயே அது சாகும். அன்பு மிகுதியால் நேரும் பிழைகளுள் இதுவே பெரும்பிழை.

குட்டியின் வாய்க்குள் நம் சுண்டுவிரலின் நுனியை வைத்துப் பார்த்தால் இதனை ஓரளவு அறியலாம். வாயின் உட்புறம் வெதுவெதுப்பாக இருந்து, குட்டி விரலைச் சப்பினால் பால் கொடுக்கலாம். வாய் சில்லென்றிருந்து, விரலைச் சப்பாமல் விட்டுவிட்டால், முதலில் சூடேற்ற வேண்டும். மனிதர்க்குப் பயன்படுத்தும் மின்னணு வெப்பமானியின் நுனியில் சிறிது வாசலைன் தடவி, மலவாயில் மெல்லச் செலுத்தி அளந்து பார்ப்பது இன்னும் திட்டமான வழி.

சூடேற்றுவதையும் மெல்லச் செய்ய வேண்டும். கொதிநீர்ப் பையின்மேலோ அடுப்பின் அருகிலோ குட்டியைப் போட்டுவிடுவது கேடு; மெல்லிய தோல் வெந்துவிடும். சட்டைக்குள் மார்போடு அணைத்து வைத்துக்கொள்வது எளிய முறை. அல்லது, வெந்நீர் நிரப்பிய புட்டியைத் தடித்த துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கலாம். மறுபக்கம் குளிர்ந்திருக்கட்டும், சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் குட்டி மெல்ல இயல்பான சூட்டை அடையும். மின்சாரம் நின்றுபோகும் மழை இரவுகளில் மின்விளக்கை நம்பியிராமல், வெந்நீரைக் குடுவையில் ஆயத்தமாக வைத்திருப்பது நலம். பெட்டியைத் தரையில் வைக்காமல், ஒரு பலகையின்மேல் வைத்து, நாள்தோறும் உலர்ந்த துணி மாற்ற வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்தப் பால் என்பது. நாய்ப்பாலையும் பசும்பாலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடை தானே விளங்கும். நாய்ப்பாலில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு புரதமும், 9 பங்கு அளவுக்குக் கொழுப்பும், 3 அல்லது 4 பங்கு பாற்சர்க்கரையும் உள்ளன. பசும்பாலிலோ புரதம் 3 பங்கைச் சற்றே மிஞ்சும்; கொழுப்பு ஏறக்குறைய 4; சர்க்கரை ஏறக்குறைய 5. ஆகவே, பசும்பாலை மட்டும் ஊட்டினால் வளர்ச்சிக்குரிய சத்து பாதியாகிறது. வயிற்றுப்போக்கைத் தூண்டும் சர்க்கரையோ மிகுதியாகிறது. 'சின்னக் குட்டிக்குச் செரிக்காது' என்று அதில் தண்ணீரும் கலந்துவிட்டால், சத்தில் எஞ்சிய பாதியும் நீர்த்துப்போகிறது. ஆட்டுப்பாலும் இவ்வகையில் பசும்பாலை ஒத்ததே.

நாய்க்குட்டிகளுக்கென்றே செய்த பால்மாவு கடைகளில் கிடைக்கிறது, அதுவே சிறந்தது. உறையில் எழுதியுள்ள அளவுப்படி, காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொடுக்கலாம். தீவுகளில் வாழ்பவர் ஒன்றை மறக்கலாகாது. பொருள்களெல்லாம் கப்பலிலோ விமானத்திலோ வந்து சேர வேண்டியவை. நாய் சினைப்பட்டு ஏறக்குறைய 63 நாள்களில் குட்டி ஈனும். ஆதலின், சினை தெரிந்தவுடனேயே ஒரு டப்பா பால்மாவும், குட்டிக்குரிய புட்டியும், இரண்டு மூன்று ரப்பர்க் காம்புகளும் வாங்கி வைத்துவிட்டால், நள்ளிரவில் அலைய நேராது.

பால்மாவு கைக்கு எட்டாத வேளையில், ஓரிரு நாள்களுக்கு மட்டும் வீட்டிலேயே ஒரு கலவை செய்துகொள்ளலாம். ஏறக்குறைய 240 மில்லி அளவுள்ள ஒரு கிண்ணம் நீர் சேர்க்காத பசும்பாலைக் காய்ச்சி ஆறவிட வேண்டும். அதில் புத்தம் புதிய முட்டை இரண்டின் மஞ்சட்கருவையும், ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயையும் சேர்த்து, நுரை எழாமல் நன்றாகக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்கலாகாது. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு பொருள் பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைப் பிணைத்துப் பயனற்றதாக்கிவிடும். இக்கலவையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு நாளைக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இது இடுக்கண் காலத்துக்கு மட்டுமே. வாரக்கணக்கில் இதையே நம்புவது ஆகாது.

கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தீவில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை என்று தேங்காய்ப்பால் கொடுப்பது தவறு. பெயர்தான் பால், குட்டிக்கு வேண்டிய புரதம் அதில் மிகக் குறைவு. சர்க்கரை கலந்த கெட்டிப்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சோற்றுக் கஞ்சியின் மாவுச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் கண் திறவாத குட்டிக்கு இல்லை. மனிதக் குழந்தைக்குரிய பால்மாவிலும் நாய்க்குட்டிக்குத் தேவையான அளவு புரதமும் கொழுப்பும் இல்லை.

இனி, ஊட்டும் முறை. நம் வீடுகளில் கைக்குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, சங்கினாலோ பாலாடையினாலோ பால் புகட்டுவது வழக்கம். அதே பழக்கத்தில் நாய்க்குட்டியையும் மல்லாக்கப் பிடித்துப் பால் ஊற்றுவோர் பலர். இதுவே குட்டிகளைக் கொல்லும் இரண்டாவது பெரும்பிழை. மல்லாந்த குட்டிக்குப் பால் எளிதில் புரையேறி நுரையீரலில் இறங்கும். இரண்டு நாளில் சளிக்காய்ச்சல் கண்டு குட்டி மூச்சுத்திணறி இறந்துபோகும். குட்டி தாயிடம் எவ்வாறு குடிக்கிறது என்பதைப் பாருங்கள். குப்புறப் படுத்து, முன்கால்களால் மடியை அழுத்தி, தலையைச் சற்றே நிமிர்த்திக் குடிக்கிறது. நாமும் அவ்வாறே ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் குட்டியைக் குப்புறக் கிடத்தி, தலையைச் சிறிதளவே உயர்த்திப் பிடித்து ஊட்ட வேண்டும். முன்கால்களால் அழுத்த அதற்கு ஏதேனும் அகப்பட்டால் இன்னும் விருப்பமாகக் குடிக்கும்.

புட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் பால் துளித்துளியாகக் கசிய வேண்டும். தாரையாக ஒழுகக் கூடாது. காம்பின் துளை சிறிதாக இருந்தால் குட்டி களைத்துவிடும். பெரிதாக இருந்தால் புரையேறும். புட்டியை ஒருபோதும் அழுத்திப் பிழியலாகாது. குட்டியே சப்பி உறிஞ்சட்டும். பாலின் சூடு நம் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாகத் தோன்ற வேண்டும். மூக்கின் வழியே பால் வந்தால், உடனே புட்டியை எடுத்துவிட்டு, குட்டியின் தலையைத் தாழ்த்திப் பிடித்து மூக்கைத் துடைக்க வேண்டும். அதன் பின்னும் குட்டி இருமினாலோ மூச்சில் களகள ஒலி கேட்டாலோ மருத்துவரை நாட வேண்டும்.

அளவு எவ்வளவு? ஒரு வேளைக்கு, குட்டியின் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 4 மில்லிக்கு மேல் ஆகாது என்பது எளிய கணக்கு; குட்டியின் இரைப்பை கொள்ளும் அளவு அவ்வளவுதான். எட்டுக் குட்டிகளுள் ஒன்று 300 கிராம் எடையில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு வேளைக்கு 12 மில்லியே உச்ச அளவு. தாயே இல்லாத குட்டியாயின், நாளொன்றுக்கு 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 மில்லி வீதம் 60 மில்லி தேவைப்படும். நம் குட்டியோ தாயிடமும் குடிக்கிறது. ஆகவே, அதில் பாதியான 30 மில்லியை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 8 அல்லது 10 மில்லி கொடுத்துப் பார்க்கலாம். முதலில் தாயிடம் குடிக்கவிட்டு, பின்னர் குறையை மட்டும் புட்டியால் நிரப்புவதே முறை. மறுநாள் தராசு சொல்வதைக் கேட்டு அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். வயிறு உருண்டு மெத்தென்று இருந்தால் போதும். பறைபோல் விறைத்திருந்தால் மிகுந்துவிட்டது என்று பொருள். மலம் நீர்த்து மஞ்சளாகப் போனாலும் கொடுத்தது மிகுதி என்றே கொள்ள வேண்டும். வேளையைத் தவறவிட்டோம் என்று இரட்டிப்பாக ஊட்டுவது அறவே கூடாது.

குடித்து முடித்த குட்டியை நிமிர்த்தி மெல்லத் தட்டினால் ஏப்பம் விடும். அதன் பின் தாயிடம் விட்டுவிடலாம். தாய் நக்கி மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளும். தாய் நக்காவிடில், வெந்நீரில் நனைத்த பஞ்சினால் குட்டியின் அடிவயிற்றின் கீழும் வாலடியிலும் மெல்ல வருட வேண்டும். ஏறக்குறைய முதல் மூன்று வாரங்களில் குட்டி தானே சிறுநீரும் மலமும் கழிக்க இயலாது. இப்பணி விடுபட்டால் நன்றாகக் குடித்த குட்டியும் நலிந்துபோகும். நம் கைகளில் வாசனைச் சோப்பு, தைலம் முதலியவற்றின் மணம் இல்லாதிருப்பது நலம்; அயல்மணம் வீசும் குட்டியைத் தாய் ஒதுக்கவும் கூடும்.

தூய்மையைப் பற்றித் தீவுவாசிகள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். 1980-களின் இறுதியில் வட அந்தமானில் பரவி, அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் பெற்ற நோய், பின்னர் எலிக்காய்ச்சலே என்று கண்டறியப்பட்டது. எலி, நாய் முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரினாலும் சேற்றினாலும் அது பரவுகிறது. ஆகவே, குட்டியைத் துடைத்த பின்னும் படுக்கையை மாற்றிய பின்னும் மணமற்ற சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். கையில் புண் இருந்தால் உறை அணிய வேண்டும். பெட்டியை எலி அணுகாமல் காக்க வேண்டும். புட்டியையும் காம்பையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் இட்டு எடுக்க வேண்டும். குட்டி குடித்து எஞ்சிய பாலை மறுவேளைக்கு வைத்தல் கூடாது; இங்குள்ள புழுக்கத்தில் அது விரைவில் கெட்டுவிடும்.

இவ்வாறு பத்து நாள் காத்துவிட்டால் பெரும் ஆபத்து நீங்கியதாகக் கொள்ளலாம். பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் குட்டி கண் திறக்கும். எடை மூன்று நாள் தொடர்ந்து நன்றாக ஏறி, தாயிடம் தானே முண்டியடித்துக் குடிக்கத் தொடங்கினால், புட்டியின் வேளைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துவிட வேண்டும். இரண்டாம் வாரத்தில் மருத்துவரின் யோசனைப்படி குடற்புழு மருந்து தொடங்கலாம். மூன்று நான்கு வாரங்களில் தட்டில் ஊற்றிய பாலை நக்கவும், குழைந்த உணவை உண்ணவும் குட்டி பழகிக்கொள்ளும். அத்துடன் புட்டியின் பணி முடிந்தது.

சூடேற்றிய பின்னும் விரலைச் சப்பாத குட்டி, மூச்சுத்திணறும் குட்டி, ஓயாமல் முனகும் குட்டி, அண்ணத்தில் பிளவுள்ள குட்டி ஆகியவற்றுக்குப் புட்டி உதவாது. குழாய் வழியே வயிற்றுக்குப் பால் செலுத்தும் முறை ஒன்று உண்டு. அதனைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றவரன்றி மற்றவர் செய்யலாகாது. படகு இல்லாத நாளிலும், அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து எடையும் உடற்சூடும் சொன்னால் வழி கேட்கலாம். அதற்கும் நாம் எழுதி வைத்த தாளே உதவும். எல்லாம் செய்தும் சில குட்டிகள் இறந்துபோவதுண்டு. பிறவிக் குறையோ நோயோ உள்ள குட்டியை எவராலும் காக்க முடியாது. அதற்காக வீட்டுப் பிள்ளைகள் தம்மைக் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. பிழைக்கவைத்த குட்டியை வளர்ந்த பின் கடற்கரையில் விட்டுவிடுவது காத்ததன் பயனைக் கெடுத்துவிடும். இத்தீவுகளின் மணற்கரைகளில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. உரிமையாளரின்றித் திரியும் நாய்கள் அம்முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடுகின்றன. ஆகவே, ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வீடு தேடிக் கொடுப்பதும், தாய்நாய்க்குக் கருத்தடைச் சிகிச்சை செய்விப்பதும் புட்டியைக் கையில் எடுத்தவரின் கடமையே ஆகும்.

ஒரு தராசு, ஒரு வெந்நீர்ப் புட்டி, ஒரு பால்புட்டி, ஒரு தாள், ஒரு பென்சில். இவ்வளவுதான் வேண்டுவன. மழை கொட்டும் இரவில், வீட்டுச் சிறுவன் ஒருவன் முதலில் குட்டியைத் தன் மார்போடு அணைத்துச் சூடேற்றி, பின்னர்க் குப்புறக் கிடத்திப் பொறுமையாகப் பால் ஊட்டி, மறுநாள் காலை தராசில் பதினைந்து கிராம் கூடியிருப்பதைக் கண்டு மகிழ்வானாயின், அந்த வீட்டில் சவலை என்ற சொல்லுக்கு இடமில்லை.